ரிப்போர்ட்டில் மைனஸ் 1120, குழாயில் ஓட்டை

மண்ணுக்கடியில் போகும் இரும்புக் குழாய்க்கோ டேங்குக்கோ கோட்டிங்கும் கத்தோடிக் பாதுகாப்பும் (இரும்புக்குக் கரன்ட் கொடுத்துத் துருவைத் தடுக்கும் முறை) சேர்த்து கான்ட்ராக்ட் விடப்போகிறீர்களா? கையெழுத்துக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வேலை செய்தவர்கள் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்த வித்தையை இன்னும் பலர் செய்கிறார்கள், அது தெரிந்தால் போதும்.

வேலை இதுதான்: தீயணைப்புத் தண்ணீர் லைன், 8 அங்குலம், 600 மீட்டர் நீளம். வெளிப்புறப் பரப்பு ஏறக்குறைய 413 சதுர மீட்டர். மேலே 3 மி.மீ. தடிமனுக்கு டேப் கோட்டிங், கூடவே 8 மக்னீசியம் ஆனோடு, அதாவது குழாயோடு இணைத்து மண்ணில் புதைக்கும், தான் கரைந்து குழாய்க்குக் கரன்ட் தரும் உலோகக் கட்டி. 20 வருஷம் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் ஜாக்கி பம்ப், லைனில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன பம்ப், ராத்திரியெல்லாம் நின்று நின்று ஓட ஆரம்பித்தது. லைனில் யாரும் தண்ணீர் எடுக்காதபோது அது ஓடினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். தோண்டினால் ஒரு வெல்டிங் ஜாயின்ட், குழாயின் அடிவயிற்றில், பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை.

ஒப்படைப்பு ஃபைலை எடுத்து வரி வரியாகச் சோதித்தோம். அதில் அளந்து எழுதிய ஒரு எண்கூடப் பொய் இல்லை. வேலை பொய், எண்கள் மட்டும் மெய். எப்படி என்று பாருங்கள்.

முதலில் அந்த மைனஸ் 1120 மில்லிவோல்ட். குழாய்க்கும் மண்ணுக்கும் உள்ள மின்னழுத்தம், மயில்துத்த ரெஃபரன்ஸ் செல்லை (ஒப்பிட்டு அளக்க மண்ணில் ஊன்றும் குப்பி) வைத்து அளந்தது. இரும்பு காக்கப்பட மைனஸ் 850 மில்லிவோல்ட் அல்லது அதைவிட நெகட்டிவாக வேண்டும் என்பது 1928-இலிருந்து, நியூ ஆர்லியன்ஸ் எரிவாயுக் குழாய்களில் ராபர்ட் கூன் வேலை செய்த காலத்திலிருந்து, புழக்கத்தில் இருக்கும் அளவு. மைனஸ் 1120 என்று பார்த்ததும் யாருக்கும் மனசு குளிரும். ஆனால் ஃபைலில் இருந்த எட்டு ரீடிங்கும் எட்டு டெஸ்ட் போஸ்டில், அதாவது அளப்பதற்காக நட்ட கம்பங்களில், எடுத்தவை. எட்டு போஸ்டையும் நட்டிருந்தது எட்டு ஆனோடுக்கு நேர் மேலே! ஆனோடிலிருந்து கரன்ட் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் மண்ணின் மின்னழுத்தமே ஏறியிருக்கும். அங்கே செல்லை ஊன்றினால் குழாயின் அளவோடு அந்த ஏற்றமும் சேர்ந்து மீட்டரில் விழும். செல்லை மூன்று மீட்டர் தள்ளி வைத்தோம்: மைனஸ் 780. இரண்டு ஆனோடுக்கு நடுவில் மைனஸ் 690. பம்ப் ஹவுஸை நெருங்கியதும் மைனஸ் 510. எந்தப் பாதுகாப்பும் இல்லாத இரும்பு மண்ணில் சும்மா கிடந்தாலே மைனஸ் 500 முதல் 700 வரை காட்டும்.

மண்ணில் விழும் இந்தக் கூடுதல் அழுத்தத்தைக் கழிக்கத்தான் ‘இன்ஸ்டன்ட் ஆஃப்’ ரீடிங். ஆனோடைக் குழாயிலிருந்து பிரித்து, ஒரு வினாடிக்குள் மீட்டர் எங்கே இறங்கி நிற்கிறதோ அதுதான் குழாயின் உண்மையான நிலை. ஆஃப் ரீடிங் எடுக்க வழியே இல்லாதபடி ஆனோடு கேபிளை நேராகக் குழாயில் வெல்டு செய்து புதைத்திருந்தார்கள். கேபிள் மிச்சம் என்று அதற்கு விளக்கம் வேறு. ஆனோடு கேபிள் ஒன்று, குழாய் கேபிள் இரண்டு, மூன்றும் டெஸ்ட் பாக்ஸுக்கு மேலே வந்து, நடுவில் கழற்றக்கூடிய ஒரு செம்பு லிங்க் வழியாகத்தான் சேர வேண்டும். லிங்க் இல்லாத பாக்ஸ் வெறும் டப்பா.

நீங்களே அளப்பதென்றால் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். 10 மெகா ஓம் உள்தடை உள்ள மல்டிமீட்டர், இரண்டு மயில்துத்த செல். செல்லுக்குள் கரையாத படிகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது இல்லையென்றால் கரைசல் நிறைவுறவில்லை, ரீடிங்கை நம்ப முடியாது. இரண்டு செல்லையும் ஒரே ஈரத்தில் வைத்து ஒன்றுக்கொன்று அளந்தால் வித்தியாசம் 5 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு ஊன்றுங்கள். தார் ரோட்டின் மேல் வைத்து அளப்பது வீண்வேலை, துளை போட்டு மண்ணைத் தொட வேண்டும். லைன் நெடுக நடந்து, ஆனோடுகளுக்கு நடுவிலும் இரண்டு முனையிலும் கட்டாயம் அளக்க வேண்டும்.

அடுத்தது டேப். அந்த ஜாயின்ட்டில் கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறு போட்டு இழுத்தால், பாம்புச் சட்டை மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. பசை இரும்பைப் பிடித்திருந்தால் அப்படி வராது. அடியில் தண்ணீர், அதற்கும் அடியில் மை போலக் கறுப்புச் சேறு. அதில் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. இரும்பு சல்ஃபைடு, காற்றில்லாத இடத்தில் வளரும் சல்ஃபேட் பாக்டீரியாவின் வேலை. அந்தத் தண்ணீரில் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தோம்: 6-க்கும் 7-க்கும் நடுவில். கரன்ட் உள்ளே எட்டியிருந்தால் இரும்பின் மேல் காரம் சேர்ந்து 9-க்கு மேல் போயிருக்கும். பாலிஎத்திலீன் மின்சாரத்தைக் கடத்தாது. ஒட்டாமல் உப்பி நிற்கும் டேப் குடை போல நின்று, வெளியிலிருந்து வரும் கரன்ட்டைத் தடுத்துவிடும். உள்ளே மட்டும் தண்ணீர் புகும். மேலே மீட்டர் எத்தனை நல்ல எண்ணைக் காட்டினாலும் அந்த இடத்தில் இரும்பு தின்னப்பட்டுக்கொண்டே இருக்கும். டேப்பே சுற்றாமல் விட்ட இடம் இதைவிடத் தேவலை, அங்கே கரன்டாவது போய்ச் சேரும்.

ஏன் ஒட்டவில்லை? ஃபைலில் பளபளவென்ற குழாயின் போட்டோ, அடியில் ‘எஸ்ஏ 2½’ என்று குறிப்பு, அதாவது பிளாஸ்டிங் செய்து, மணல் போன்ற துகளைப் பீய்ச்சி அடித்து, சுத்தம் செய்ததற்கான தர அளவு. பிளாஸ்டிங் செய்த இரும்பு பளபளக்காது. உப்புத்தாள் தேய்த்தது போல மங்கலாக, ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருக்கும். பளபளத்தால் அது கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தது. அழுக்குப் போகும், ஆனால் பசை பிடிக்கத் தேவையான 50 முதல் 75 மைக்ரான் சொரசொரப்பு கிடைக்காது. போட்டோவில் இந்த வித்தியாசம் தெரியாது என்பதால்தான் போட்டோ கொடுக்கிறார்கள். ரெப்ளிகா டேப் என்று ஒன்று உண்டு. இரும்பின் மேல் வைத்துத் தேய்த்தால் அந்தச் சொரசொரப்பை அப்படியே அச்செடுக்கும், மைக்ரோமீட்டரில் வைத்து அளக்கலாம். அந்த அச்சையே ரிப்போர்ட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிங் நடக்கும்போது இரும்பின் வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை)க் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே, காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அன்றைய கணக்கு எழுதிய தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் ஃபைலில் இல்லை.

டேப்பின் மடிப்பும் ஒரு கதை. பாதிக்குப் பாதி மேலேறினால்தான் எல்லா இடத்திலும் இரண்டு அடுக்கு விழும். இங்கே விரற்கடை அளவுதான் மேலேறியிருந்தது. டேப் செலவு கிட்டத்தட்ட பாதி மிச்சம். தடிமனை எங்கே அளந்தார்கள் என்று சொல்லவே வேண்டாம், மடிப்பின் மேல்.

‘ஹாலிடே டெஸ்ட்: குறை 0’ என்பதும் மெய்தான். கோட்டிங்கில் ஊசித்துளை இருக்கிறதா என்று பொறி தாவவிட்டுப் பார்க்கும் சோதனை இது. மின்பொறி காற்றைத் தாண்ட மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோவோல்ட் வேண்டும். 3 மி.மீ. டேப்பில் 2 கிலோவோல்ட் வைத்து ஓட்டினால் துளை மேலேயே போனாலும் மெஷின் வாய் திறக்காது. 2 கிலோவோல்ட் என்பது 400 மைக்ரான் எபாக்ஸிக்கு வைக்கும் அளவு. இந்தத் தடிமனுக்கு 15 கிலோவோல்ட் அளவில் வைத்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் ‘2 கேவி’ என்று பளிச்சென்று எழுதியே இருந்தது, படித்தவர் யாருக்கும் உறுத்தவில்லை. சோதனை தொடங்கும்முன் ஒரு ஓரத்தில் வேண்டுமென்றே ஊசியால் இரும்பு வரை ஒரு துளை போட்டு, அதன் மேல் பிரஷை ஓட்டச் சொல்லுங்கள். கத்தாவிட்டால் வோல்டேஜ் போதவில்லை, அல்லது எர்த் கிளிப் குழாயைத் தொடவில்லை. பிறகு அந்தத் துளையை அடைக்க மறக்காதீர்கள்.

ஆனோடுக்கு வருவோம். பில்லில் ‘மக்னீசியம் ஆனோடு, 12 கிலோ’. தராசில் 12 கிலோதான், பையோடு சேர்த்து! உள்ளே இருந்த மக்னீசியம் 4 கிலோ சொச்சம். மீதி ஜிப்சமும் பென்டோனைட்டும் கொஞ்சம் சோடியம் சல்ஃபேட்டும், 75, 20, 5 என்ற விகிதத்தில். இந்தக் கலவை அவசியம்தான், ஈரத்தைப் பிடித்து வைத்து ஆனோடு சீராகக் கரைய உதவும். ஆனால் கரைந்து குழாயைக் காப்பது உலோகம் மட்டும். மக்னீசியத்தில் கிலோவுக்குச் சுமார் 1100 ஆம்பியர்-மணி கிடைக்கும். வெற்று இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 20 மில்லிஆம்பியர், கோட்டிங்கில் குறை 2 சதவீதம் என்று வைத்தால் இந்த லைனுக்குத் தேவை 165 மில்லிஆம்பியர். 20 வருஷத்துக்கு ஏறக்குறைய 29,000 ஆம்பியர்-மணி, 85 சதவீதம்தான் உருப்படியாகக் கரையும் என்று பார்த்தால் 31 கிலோ உலோகம். எட்டுப் பையிலும் சேர்த்து 33 கிலோ இருந்தது. கணக்கு தேறிவிடும் என்று தோன்றுகிறதல்லவா? கோட்டிங்கில் குறை 2 அல்ல 10 சதவீதம் என்றால் கரன்ட் ஐந்து மடங்கு, 800 மில்லிஆம்பியருக்கு மேல் வேண்டும். எட்டு ஆனோடும் சேர்ந்து அதில் பாதிகூடத் தராது. கோட்டிங்கில் செய்த திருட்டை ஆனோடால் ஈடுகட்ட முடியாமல் போவது இப்படித்தான்.

அந்த எட்டிலும் இரண்டு வேலையே செய்யவில்லை. தோண்டி எடுத்தபோது, வழியில் ஈரம் படாமலிருக்கப் போடும் வெளிப் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே கிடந்தன. துணிப்பைக்குள் பொடி காய்ந்தபடி, உலோகம் புத்தம் புதிதாக. உறையைக் கிழித்துவிட்டு, குழியில் இறக்கி, குறைந்தது 20 லிட்டர் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, பிறகுதான் மண் தள்ள வேண்டும். கேபிளைப் பிடித்து இறக்கக் கூடாது, இணைப்பு அறுந்துவிடும்.

பம்ப் ஹவுஸ் அருகில் மைனஸ் 510 வந்ததற்குக் காரணம் வேறு. இன்சுலேட்டிங் ஃபிளாஞ்சில், குழாயையும் பம்ப் ஹவுஸையும் மின்சாரம் கடத்தாமல் பிரிக்கும் இணைப்பில், கேஸ்கெட் சரியாகவே இருந்தது. ஒரே ஒரு போல்ட்டில் ஸ்லீவ், போல்ட்டைச் சுற்றிய மின்கடத்தா உறை, இல்லை. அந்த ஒரு போல்ட் வழியாகக் குழாய் முழுவதும் பம்ப் ஹவுஸின் செம்பு எர்த்திங்கோடு இணைந்துவிட்டது. செம்புக்குக் கரன்ட் எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கும், குழாய்க்கு மிஞ்சாது. போதாததற்கு இரும்பும் செம்பும் ஒரே மண்ணில் இணைந்தால் கரைவது இரும்பு. இதை ஓம் மீட்டரில் கண்டுபிடிக்க முயலாதீர்கள், இரு பக்கமும் மண்ணைத் தொடுவதால் ரீடிங் குழப்பும். செல்லை அசைக்காமல் ஒரே இடத்தில் வைத்துவிட்டு ஃபிளாஞ்சின் இரு பக்கத்தையும் தொட்டு அளங்கள். எண் வேறுவேறாக வந்தால் இன்சுலேஷன் இருக்கிறது. இங்கே இரு பக்கமும் மைனஸ் 510.

இதையெல்லாம் காட்டிக் கேட்டபோது வந்த பதில்: “ஒரு ரெக்டிஃபையர் வைத்து ஏற்றிவிடலாம் சார்.” ரெக்டிஃபையர் என்றால் லைன் மின்சாரத்தை டிசியாக்கிக் குழாய்க்கு ஏற்றும் பெட்டி. வேண்டாம் என்றோம். உப்பிய டேப்புக்கு அடியில் எத்தனை வோல்ட் ஏற்றினாலும் கரன்ட் போகாது. ஒட்டியிருக்கும் இடத்திலோ, ஆஃப் ரீடிங் மைனஸ் 1200-ஐத் தாண்டினால் ஹைட்ரஜனும் காரமும் சேர்ந்து அதையும் பிரித்துவிடும். ரெக்டிஃபையரில் இன்னொரு ஆபத்து: பாசிட்டிவ் ஆனோடுக்கு, நெகட்டிவ் குழாய்க்கு. இதை மாற்றி மாட்டினால் குழாயே ஆனோடு. ஒரு ஆம்பியர் ஓராண்டு ஓடினால் 9 கிலோ இரும்பு போகும், அதுவும் கோட்டிங் கிழிந்த சின்னச் சின்ன இடங்களில் மட்டும்.

இப்போது ஜாயின்ட் ஜாயின்ட்டாகத் தோண்டி, பிளாஸ்டிங் செய்து, மறுபடி சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஃபிளாஞ்சில் எல்லாப் போல்ட்டுக்கும் ஸ்லீவும் வாஷரும் மாற்றியாயிற்று. புது கான்ட்ராக்டில் சேர்த்தவை: ஆனோடு எடை என்றால் உலோகத்தின் எடை, பை நீங்கலாக. ஒவ்வொரு ஆனோடுக்கும் லிங்க். ஏற்பு அளவு ஆஃப் ரீடிங்கில் மைனஸ் 850, பாக்டீரியா தெரிந்த பகுதியில் மைனஸ் 950, அளப்பது நம் ஆள், இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் நம் ஆள். கடைசித் தவணைப் பணம் மண் நன்றாகக் காய்ந்த காலத்தில் ஒரு முறை அளந்த பிறகுதான். இந்த வரிக்குத்தான் அவர்கள் பேரம் பேசினார்கள். ஈர மண்ணில் எந்த ஆனோடும் நன்றாகவே கரன்ட் தரும்.