கிராக் கேமும் ஒரிஜினல் கேமும்: பல வருடம் இரண்டையும் ஓட்டிப் பார்த்த கணக்கு

கிராக் செய்த கேம்களையும், அதாவது திருட்டுத் தடுப்புப் பூட்டை உடைத்து இலவசமாகப் பரப்புகிற கேம்களையும், காசு கொடுத்து வாங்கிய கேம்களையும் மாறி மாறிப் பல வருடம் ஆடியிருக்கிறேன். இப்போது கிராக் பக்கம் போவதில்லை. நியாய அநியாயம்தான் முக்கியக் காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கையில் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு பொருளாகப் பார்த்தாலே கிராக் தோற்கிறது. ஆனால் அது தோற்கும் இடம் பலரும் நினைக்கிற இடம் இல்லை.

"கிராக்கில் வைரஸ் இருக்கும்" என்பார்கள். எல்லாவற்றிலும் இருக்காது. நான் ஆடியவற்றில் பெரும்பாலானவை ஒழுங்காகவே ஓடின. நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரீபேக் என்று சுருக்கித் தருகிற பதிப்புகள் டவுன்லோடு அளவை நன்றாகவே குறைத்துவிடும். அதை விரித்து நிறுவும்போது ப்ராசஸர் படுகிற பாடு வேறு கதை. லாஞ்சர் (கேமைத் திறக்க முதலில் ஓட்ட வேண்டிய கடையின் புரோகிராம்) தொல்லை கிடையாது, கணக்கு தொடங்கு என்று நச்சரிக்காது, இணையம் போனாலும் ஆடலாம். சில சமயம் ஒரிஜினலைவிட நன்றாக ஓடியதும் உண்டு. 2021இல் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் வந்தபோது காசு கொடுத்தவர்களுக்குச் சண்டைக் காட்சிகளில் திக்கித் திக்கி ஓடியது. பாதுகாப்புப் பூட்டை நீக்கிய கிராக் பதிப்பில் அந்தத் திக்கல் இல்லை. கேமை உருவாக்கிய கேப்காம் பிறகு பேட்ச் (திருத்தப் பதிப்பு) விட்டுத்தான் சரிசெய்தது. அந்தப் பேட்ச் குறிப்பிலேயே திருட்டுத் தடுப்புத் தொழில்நுட்பத்தைச் சீர்படுத்தியதாக எழுதியிருந்தார்கள். ஆக, கிராக் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை.

நாள்பட ஆடும்போதுதான் சலிப்பு வரும். இப்போது கேம்கள் வெளியாகிற அன்றைக்கு அரைவேக்காடாகத்தான் இருக்கின்றன. அடுத்த சில மாதங்களில் வரும் பேட்ச்களில்தான் முழுசாகின்றன. கிராக் எந்தப் பதிப்பில் உடைக்கப்பட்டதோ அங்கேயே நின்றுவிடும். அடுத்த பதிப்பு வேண்டுமென்றால் மறுபடி தேடு, மறுபடி இறக்கு, ஆடிய இடத்தைப் பதிந்துவைத்த பழைய சேவ் ஃபைல் திறக்குமா என்று வேண்டிக்கொள். மோட் (ரசிகர்கள் செய்த கூடுதல் மாற்றம்) போட்டால் "இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது" என்று வரும். நண்பர்களோடு ஆன்லைனில் ஆடுவது பெரும்பாலும் கிடையாது. இதெல்லாம் எரிச்சல்கள். பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாத ஒன்று உண்டு. கிராக்கோடு வருகிற ரீட்மீ ஃபைலில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும். அந்த வரி முழுப் பொய்யும் இல்லை. கிராக் செய்வது என்றால் கேமை ஓட்டும் இஎக்ஸ்இ ஃபைலை மாற்றுவது, அல்லது உரிமத்தைச் சரிபார்க்கிற டிஎல்எல் ஃபைலுக்குப் பதில் போலி ஒன்றை வைப்பது. இன்னொரு புரோகிராமின் உள்ளே கைவைப்பது வைரஸும் செய்கிற வேலைதான். அதனால் சுத்தமான கிராக்கைப் பார்த்தாலும் ஆன்டிவைரஸ் கத்தும். ஹேக்டூல் என்றோ ட்ரோஜன் (நல்ல புரோகிராம் வேஷத்தில் வரும் மால்வேர்) என்றோ பெயர் சொல்லும். உண்மையிலேயே ட்ரோஜன் வைத்த கிராக் வந்தாலும் அதே பெயரைத்தான் சொல்லும். பயனருக்கு இரண்டும் ஒரே சிவப்புப் பெட்டி. வாசலில் குரைக்கிற நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, வந்தவன் விருந்தாளியா திருடனா என்று முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிற நிலைமை இது.

நாள்பட்ட பாதிப்பு அங்கேதான் வருகிறது. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஒரு ஃபோல்டருக்கு விலக்கு கொடுத்தால், கேமை அழித்த பிறகும் அந்த விலக்கு அப்படியே கிடக்கும். யாரும் திரும்பிப் போய் நீக்குவதில்லை. அதைவிட மோசம், எச்சரிக்கையைப் பார்த்ததும் "அது அப்படித்தான் சொல்லும்" என்று கை தானாக அனுமதி பட்டனுக்குப் போகிற பழக்கம். அந்தப் பழக்கம் கேமோடு நிற்காது. மின்னஞ்சலில் வந்த இன்வாய்ஸ் ஃபைலுக்கும் அதே கைதான்.

மால்வேர் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். க்ராக்கோனாஷ் என்ற மால்வேரைப் பற்றி அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 2021 ஜூனில் விவரம் வெளியிட்டது. ஜிடிஏ 5, ஃபார் க்ரை 5, சிம்ஸ் 4 போன்ற கேம்களின் கிராக் பதிப்புகளோடு சேர்ந்து வந்தது அது. நிறுவிய பிறகு விண்டோஸை சேஃப் மோடில் மறுதொடக்கம் செய்ய வைக்கும். அந்த நிலையில் ஆன்டிவைரஸ்கள் வேலை செய்யாது என்பதால் டிஃபெண்டரை அப்போது அழித்துவிடும், விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்திவிடும். எல்லாம் முடிந்ததும் மூலையில் பச்சை டிக் போட்ட ஒரு போலிப் பாதுகாப்புச் சின்னத்தையும் வைத்துவிட்டுப் போகும். அந்தச் சின்னத்தை யோசித்தவனின் சாமர்த்தியத்தை இன்றும் நினைத்துக்கொள்வேன். அவாஸ்ட் கணக்குப்படி 2,22,000 கணினிகளில் அது இருந்தது. அவற்றை வைத்து 20 லட்சம் டாலருக்கும் மேல் மதிப்புள்ள மொனேரோ என்ற டிஜிட்டல் நாணயத்தை, அந்தக் கணினிகளைக் கணக்குப் போடவைத்து, தோண்டியிருக்கிறார்கள்.

கேமர்களை ஏன் குறிவைக்கிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நல்ல ப்ராசஸர், நல்ல கிராபிக்ஸ் கார்டு, மணிக்கணக்கில் ஓடுகிற இயந்திரம், மின்கட்டணம் அடுத்தவருடையது. 2024 கடைசி நாளில் தொடங்கிய ஸ்டாரிடோப்ரி என்ற தாக்குதலைப் பற்றி ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கி சொன்ன விவரத்தில் எனக்குப் பிடித்தது இதுதான்: ப்ராசஸரில் 8 கோர்களுக்குக் குறைவாக இருந்தால் அது மைனரை (நாணயம் தோண்டும் புரோகிராமை) ஓட்டவே ஓட்டாது. ஓட்டை இயந்திரம் அவர்களுக்கும் வேண்டாம். பீம்என்ஜி.டிரைவ், கேரிஸ் மோட், டைசன் ஸ்பியர் புரோகிராம் போன்ற கேம்களின் ரீபேக் டோரன்ட்களை 2024 செப்டம்பரிலேயே ஏற்றிவிட்டு, விடுமுறைக் கூட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். அதுவரை அந்த டோரன்ட்டில் எந்தக் குறையும் தெரிந்திருக்காது. "நான் போன மாசமே போட்டேன், ஒண்ணும் ஆகலை" என்ற சாட்சியத்தின் மதிப்பு அவ்வளவுதான்.

மைனர் இருப்பதைக் கண்டுபிடிப்பது எளிது என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். கேம் எதுவும் ஓடாதபோது ஃபேன் கத்துகிறது, என்னவென்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறக்கிறீர்கள், உடனே ஃபேன் அடங்குகிறது, பயன்பாடு 2 சதவீதம் என்று காட்டுகிறது. சரியாகிவிட்டது என்று மூடினால் மறுபடி கத்தல். பல மைனர்கள் டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கும்வரை தங்களை நிறுத்திக்கொள்ளும். ஃபேன் சத்தம் டாஸ்க் மேனேஜரைப் பார்த்துப் பயப்படுகிறது என்றால் அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம்.

மைனராவது மின்சாரத்தையும் வேகத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஸ்டீலர் என்று சொல்கிற வகை வேறு. நண்பர் ஒருவருக்கு நடந்தது: ஒரு கேமில் ஏமாற்றி ஜெயிப்பதற்கான சீட் புரோகிராம் என்று இறக்கி இரட்டைக் கிளிக் செய்தார், எதுவும் திறக்கவில்லை, வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். அன்று இரவே அவருடைய மின்னஞ்சல், கேம் கணக்கு, அரட்டைக் கணக்கு மூன்றும் கைமாறின. "டூ ஸ்டெப் போட்டிருந்தேனே, எனக்கு ஓடிபியே வரலையே" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். வராது. ஸ்டீலர் பாஸ்வேர்டை மட்டும் திருடுவதில்லை. ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பதற்கு அடையாளமாக பிரவுசர் வைத்திருக்கும் குக்கீயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. அதை வேறொரு கம்ப்யூட்டரில் வைத்தால் உள்ளே இருப்பது நீங்கள்தான் என்று தளம் நம்பிவிடும். சில நொடி வேலை. முடிந்ததும் தன்னையே அழித்துக்கொண்டு போகிற ஸ்டீலர்கள் உண்டு. பிறகு ஸ்கேன் செய்தால் சுத்தம் என்றே வரும்.

இந்த வகையில் லும்மா என்ற ஒன்று பரவலாக விற்கப்பட்டது. ஆமாம், மாதச் சந்தாவுக்கு விற்கிறார்கள். திருட்டுச் சாமானுக்குள் வைக்கிற புரோகிராமுக்கு அதை வாங்கும் திருடர்கள் ஒழுங்காகக் காசு கொடுக்கிறார்கள். 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையில் மட்டும் 3,94,000க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அதைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அது வந்த வழிகளில் கிராக் மென்பொருளும் ஒன்று. இப்படிப்பட்ட ஃபைல்களுக்குச் சில பொதுவான நடைகள் உண்டு. ஜிப் ஃபைலுக்கு 1234 என்று பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். உங்கள் வசதிக்காக அல்ல, ஸ்கேனர் உள்ளே பார்க்க முடியாமல் இருப்பதற்காக. இஎக்ஸ்இயை வெற்று எண்களால் நிரப்பி 700 எம்பிக்கு மேல் ஊதிவைப்பார்கள். ஃபைல்களைப் பரிசோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளம் 650 எம்பிக்கு மேல் வாங்காது. இணைப்பு ஒரு வீடியோவின் கீழே இருக்கும், அதன் கீழ் எல்லாரும் "வேலை செய்கிறது, நன்றி" என்று ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள்.

கேம் அல்லாத மென்பொருளில் நிலைமை இன்னும் கேவலம். கேமுக்காவது கிராக் செய்வதில் பெயர் எடுத்த குழுக்கள் சில உண்டு. அவர்களுடைய பெயரிலும் போலித் தளங்கள் தேடலில் முன்னால் வருகின்றன என்பது தனி விஷயம். விண்டோஸ், ஆபீஸ் ஆகியவற்றை உரிமம் இல்லாமல் ஓடவைக்கும் ஆக்டிவேட்டர்களில் அசல் தளம் எது என்பதே யாருக்கும் தெரியாது. கேஎம்எஸ்பிகோ என்ற ஆக்டிவேட்டரின் பெயரில் வந்த நிறுவியில் கிரிப்ட்பாட் ஸ்டீலர் இருந்ததை 2021இல் ரெட் கேனரி நிறுவனம் காட்டியது. ஸ்டாப் என்றும் டிஜேவு என்றும் அழைக்கப்படும் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மால்வேர்) பல வருடம் இந்த வழியில்தான் வீட்டுக் கணினிகளுக்குப் போனது. குடும்பப் படங்கள் எல்லாம் வேறு எக்ஸ்டென்ஷனோடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இந்தப் பக்கம் எனக்கு மாறுவது சுலபமாக இருந்தது. ஆபீஸுக்கு லிப்ரேஆபீஸ், ஓவியத்துக்கு கிரிட்டா, முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. லிப்ரேஆபீஸ் சில டாக் ஃபைல்களின் அமைப்பைக் கலைத்துவிடும், அதை மட்டும் சகித்துக்கொள்கிறேன். மற்றவற்றில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இனி ஒரிஜினல் பக்கம். இவர்களும் சாதாரணமானவர்கள் இல்லை. 2008இல் ஸ்போர் கேமை வாங்கியவர்கள் முதலில் 3 கணினிகளில் மட்டுமே ஆக்டிவேட் செய்யலாம் என்றார்கள். காசு கொடுத்தவன்தான் அந்தக் கட்டுப்பாட்டில் சிக்கினான். அந்த வருடம் மிக அதிகம் திருடப்பட்ட கேம்களில் அதுவும் ஒன்று. சேஃப்டிஸ்க் பூட்டோடு வந்த பழைய சிடி கேம்கள், அந்தப் பூட்டின் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் விண்டோஸ் 10இல் ஓடுவதே இல்லை. கடையில் வாங்கிய சிடியை ஓட்ட இணையத்தில் கிராக் தேட வேண்டிய கூத்து அப்படித்தான் வந்தது. 2014இல் வந்த தி க்ரூ என்ற கேமின் சர்வரை அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் 2024 மார்ச் 31இல் மூடியது. தனியாக ஆடவும் சர்வர் தேவைப்பட்டதால் வாங்கிய கேம் மொத்தமும் போயிற்று. நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடை 2024 அக்டோபரிலிருந்து வாங்கும் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. எழுதியதற்காகப் பாராட்டலாம், ஆனால் என்னவோ போலத்தான் இருக்கிறது.

அப்படியிருந்தும் இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம், வாங்குவது சுலபமாகிவிட்டது. திருட்டு விலையால் வருவதைவிடச் சேவைக் குறைவால்தான் வருகிறது என்று ஸ்டீமை நடத்தும் வால்வின் கேப் நியூவெல் 2011இல் சொன்னார். சொந்த லாபத்துக்குச் சொன்னதாக இருந்தாலும் என் விஷயத்தில் பெரும்பாலும் சரி. 2015 ஜூனிலிருந்து ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசு திரும்பும். "பிடிக்குமா என்று பார்க்கக் கிராக்" என்ற வாதத்தில் பாதி அன்றே செத்துப்போனது. எபிக் என்ற இன்னொரு கேம் கடை 2018 டிசம்பரில் திறந்ததிலிருந்து இலவச கேம்களைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நான் எடுத்துவைத்ததில் பாதியைத் திறக்கக்கூட இல்லை. டிஆர்எம் (திருட்டுத் தடுப்பு) பூட்டே வேண்டாம் என்றால் ஜிஓஜி என்ற கடை இருக்கிறது. நிறுவியை இறக்கி ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம், லாஞ்சரும் தேவையில்லை. பழைய சிடி கேம்கள் பலவற்றைப் புது விண்டோஸில் ஓடும்படி தருகிறார்கள். நான் முதலில் தேடுவது அங்கேதான்.

கடையில் வாங்கினால் முழுப் பாதுகாப்பு என்றும் இல்லை. 2025 பிப்ரவரியில் ஸ்டீமிலேயே பைரேட்ஃபை என்ற இலவச கேம் ஸ்டீலரோடு வந்தது. கண்டுபிடித்ததும் வால்வ் அதை நீக்கியது. ஆடியவர்களுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பி, விண்டோஸையே முழுதாக மறுபடி நிறுவுவது பற்றியும் யோசியுங்கள் என்றது. டோரன்ட் ஏற்றியவன் அப்படிச் செய்தி அனுப்ப மாட்டான். எனக்குப் பெரிதாகப் படும் வித்தியாசம் அதுதான். கடை கேமுக்கு ஆன்டிவைரஸ் கத்தினால் அந்தக் கத்தலுக்கு அர்த்தம் இருக்கிறது, நின்று பார்க்கலாம்.

கிராக்கை ஓட்டிய கம்ப்யூட்டரில் சந்தேகம் வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் அதை இணையத்திலிருந்து துண்டியுங்கள். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு வங்கி, அப்புறம் மற்றவை. மாற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொரு கணக்கிலும் "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்தினால்தான் திருடப்பட்ட குக்கீ செல்லாமல் போகும். மின்னஞ்சலில் யாராவது ஃபார்வர்டு விதி போட்டுவைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அதன்பின் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த இஎக்ஸ்இயையும் எடுக்காமல், அதிகாரபூர்வ நிறுவியிலிருந்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். ஆன்டிவைரஸை ஓட்டித் துடைத்தால் போதாதா என்பார்கள். க்ராக்கோனாஷின் பச்சை டிக்கைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு அந்தத் தைரியம் இல்லை. சேவ் ஃபைல் போய்விடுமே என்றும் கேட்பார்கள். சேவ் ஃபைலை மட்டும் தனியாக எடுத்துவைக்கலாம், பெரும்பாலும் டாக்குமென்ட்ஸ் அல்லது ஆப்டேட்டா ஃபோல்டரில் இருக்கும். கேமைப் பிறகு காசு கொடுத்து வாங்கினால் அதே சேவ் பல சமயம் அப்படியே திறக்கும். பதிப்பு மிகப் பழையதாக இருந்தால்தான் சிக்கல்.