வார் பிக்ஸ்: போரை ஏவுவோர் மீது எட்டு நிமிடக் குற்றப்பத்திரிகை

இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் இசைக்குழுவான பிளாக் சபாத் 1970இல் வெளியிட்ட 'பாரனாய்டு' இசைத்தொகுப்பின் முதல் பாடலான 'வார் பிக்ஸ்' (போர்ப் பன்றிகள்), வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஏழைகளைக் களத்துக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் பத்திரமாக ஒதுங்கிக்கொள்ளும் அரசியல்வாதிகளை நேருக்கு நேர் சாடுகிறது. வரிகள் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் கீசர் பட்லருடையவை. விமானத் தாக்குதலை எச்சரிக்கும் சங்கொலி அடங்கியபின், டிரம்மர் பில் வார்டின் ஹை-ஹேட் (டிரம்ஸின் இரட்டைத் தாளத்தட்டு) மட்டும் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, டோனி அயோமியின் கிட்டார் இரண்டே வெட்டு வெட்டிவிட்டு விலக, அந்த வெற்றிடத்தில் ஆஸி ஆஸ்பர்னின் குரல் தனித்து நிற்கும் இடமே பாடலின் உயிர். இறுதியில் ஒலிப்பதிவு நாடாவை வேகமாக ஓட்டி முடித்திருப்பதுதான் (யாருடைய யோசனையோ!) சற்றுச் செயற்கையாகப் படுகிறது. அமெரிக்க ராக் இசைக்குழுவான ஃபெய்த் நோ மோர் 1989இல் இதைத் தன் பாணியில் பதிவு செய்தது. பின்வந்த த்ராஷ் மெட்டல் (அதிவேக, ஆவேசமான மெட்டல் இசை) குழுக்களின் போர் எதிர்ப்புப் பாடல்களிலும் இதன் சாயலை எளிதில் அடையாளம் காணலாம்.