கோரிப்பாளையம் ஜெராக்ஸ் கடையின் டே ஆர்டர் கார்டு: 40 ரூபாய்க்குத் தகுமா?

மதுரை கோரிப்பாளையத்தில் இருந்து தல்லாகுளம் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் இருக்கிறது இந்த ஜெராக்ஸ் கடை. போர்டில் பெயர் வெளுத்துப் போய்விட்டது. சுற்றுவட்டாரக் காலேஜ் பிள்ளைகளுக்கு அது 'அண்ணாச்சி கடை', அவ்வளவுதான். ரெக்கார்டு நோட்டு, கிராஃப் ஷீட், ஸ்பைரல், லேமினேஷன் எல்லாம் மற்ற கடைகளில் கிடைக்கிற தரம்தான், விலையும் அதேதான். நான் எழுத வந்தது, காலேஜ் திறக்கும் சமயத்தில் மட்டும் அவர் போட்டுத் தரும் டைம்டேபிள் கார்டைப் பற்றி.

தம்பி இந்த வருடம் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கிறான். ஊர் உசிலம்பட்டிப் பக்கம். வீட்டில் டிகிரி முடித்தவள் நான் ஒருத்தி என்பதால், அவனுடைய முதல் செமஸ்டரை ஒழுங்கு பண்ணும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. வெளிநாட்டில் எந்தப் பாடம், எந்த நேரம், எந்தப் பேராசிரியர் என்று பிள்ளைகளே பொறுக்கி எடுப்பார்களாம். நம்மூர் ஆர்ட்ஸ் காலேஜில் தமிழ், இங்கிலீஷ், மேஜர், அதற்குத் துணைப்பாடமான அல்லைடு எல்லாம் டிபார்ட்மென்டில் ஒட்டியபடிதான். நம் கையில் மிச்சம் இருப்பது பார்ட் 1-இல் என்ன மொழி, என்.எம்.இ.யில் (நான்-மேஜர் எலெக்டிவ்) எந்தப் பேப்பர், என்.சி.சி.யா என்.எஸ்.எஸ்.ஸா, அப்புறம் வகுப்பு இல்லாத நேரத்தை என்ன செய்வது என்பது மட்டும். கொஞ்சம்தானே என்று விட்டால் நவம்பரில் தெரியும்.

இதில் தலைவலி பிடித்தது டே ஆர்டர், அதாவது கிழமையைப் பார்க்காமல் வேலை நாட்களுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண் கொடுத்து, அந்த எண்படி வகுப்பு நடத்துவது. தம்பி காலேஜில் ஆறு டே ஆர்டர். வாரத்துக்கு ஐந்து நாள் வகுப்பு. ஒரு திங்கட்கிழமை டே ஆர்டர் 1 என்றால் அடுத்த திங்கள் 6, செவ்வாய்தான் மறுபடி 1. நடுவில் ஒரு லீவு விழுந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளிப் போகும். 'திங்கட்கிழமை மூணாவது ஹவர் அல்லைடு' என்று எதையும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. போனில் சில டைம்டேபிள் ஆப்களைப் போட்டுப் பார்த்தோம். பெரும்பாலும் திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் நாள் சுழலும் வசதி இருந்தது, ஆனால் லீவு நாட்களை ஒவ்வொன்றாக நாமே பதிய வேண்டும். சுதந்திர தினம், மிலாது நபி, விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, தீபாவளி என்று வரிசை கட்டி நிற்கும் செமஸ்டர் இது. தம்பி ஆடி முடிவதற்குள் அதைத் திறப்பதையே விட்டுவிட்டான்.

அண்ணாச்சியின் கார்டு, கழுத்தில் மாட்டுகிற ஐ.டி. கார்டு அளவுதான். முன்பக்கம் ஆறு டே ஆர்டருக்கு ஆறு வரி, ஐந்து ஹவருக்கு ஐந்து கட்டம். பின்பக்கம்தான் விஷயம். காலேஜில் கொடுக்கும் கேலண்டர் புத்தகத்தைப் பார்த்து, நவம்பர் வரை ஒவ்வொரு தேதிக்குக் கீழும் அன்றைக்கு என்ன டே ஆர்டர் என்று பொடி எழுத்தில் அடித்திருக்கிறார். டைம்டேபிள் போட்டோவையும் அந்தக் கேலண்டரையும் கொடுத்தால் போதும். 40 ரூபாய். வீட்டுச் சுவரில் ஒட்ட ஏ4-இல் இன்னொன்றும் வேண்டும் என்றால் சேர்த்து 60.

உடனே அடித்துக் கொடுத்துவிட மாட்டார், கேள்வி கேட்பார்.

"எங்கிட்டிருந்து வர்ற தம்பி?"

"உசிலம்பட்டிங்க அண்ணாச்சி."

"அப்ப ஆரப்பாளையத்துல இறங்கி வண்டி மாறணும். கடைசி ஹவர் உக்காருவியா, பஸ்ஸுக்கு ஓடிருவியா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

அவர் சும்மா கேட்கவில்லை. என்.எம்.இ. என்பது வேறு டிபார்ட்மென்டில் போய்ப் படிக்கிற பேப்பர். எல்லா டிபார்ட்மென்ட் பிள்ளைகளும் கலந்து உட்கார வேண்டும் என்பதால் அதற்குப் பொதுவாக ஒரு நேரம் ஒதுக்குவார்கள். தம்பிக்கு அது இரண்டு டே ஆர்டரில் கடைசி ஹவர். செமஸ்டருக்கு 90 வேலை நாள்; ஆறு நாளுக்கு ஒரு சுற்று என்றால் 15 சுற்று; சுற்றுக்கு இரண்டு வீதம் 30 ஹவர். வருகை 75 சதவீதம் வேண்டும் என்றால் ஏழு ஹவர் போகலாம், எட்டாவது போனால் ஷார்ட்டேஜ். வருகையைப் பாடவாரியாகப் பார்க்கும் காலேஜில் இது பெரிய வினை. மொத்தத்தில் 22 நாள் லீவு பாக்கி இருக்கிறது என்று தெம்பாகத் திரிகிற பையன், நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க எட்டுத் தடவை ஓடியதற்காகக் கன்டொனேஷன் (வருகைக் குறைவுக்கான கட்டணம்) கட்டிக்கொண்டு நிற்பான். அண்ணாச்சி அந்த இரண்டு கட்டத்தையும் மஞ்சளில் அடித்துக் கொடுத்தார். தம்பி அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த பஸ்ஸுக்கு வர ஒத்துக்கொண்டான்.

எந்த என்.எம்.இ. எடுப்பது என்பதற்கும் அவரிடம் ஆலோசனை உண்டு: "மார்க் போடுற பேப்பராப் பாத்து எடு." இதைக் கேட்காதீர்கள். தம்பி பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாம் தமிழ் மீடியம். தமிழ்த்துறை நடத்தும் இதழியல் பேப்பரை எடுக்கச் சொன்னேன்; வாரம் முழுக்க இங்கிலீஷில் கணக்கு எழுதுகிறவனுக்கு இரண்டு ஹவராவது மூச்சு விட இடம் வேண்டாமா? எதை எடுப்பதானாலும் முதல் நாளே பெயர் கொடுத்துவிடுங்கள், சீட்டு சீக்கிரம் நிரம்பிவிடும். இன்னொன்று: பன்னிரண்டாவது வரை தமிழ் படித்துவிட்டுப் பார்ட் 1-இல் பிரெஞ்சோ இந்தியோ எடுத்தால், பல காலேஜில் என்.எம்.இ.க்குப் பதில் சிறப்புத் தமிழ் படிக்க வேண்டிவரும். எங்கள் தெருப் பெண் ஒருத்தி மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்துவிட்டு, தமிழ் திரும்பவும் வந்து நிற்கிறதே என்று முழிக்கிறாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது முகூர்த்தப் புள்ளி. காலேஜ் பையன்கள் பலர் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறார்கள், தம்பியும் அப்படித்தான். கேட்டால், காலண்டர் பக்கத்தில் முகூர்த்த நாட்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்துத் தருகிறார் அண்ணாச்சி. வைத்துப் பார்த்தபோதுதான் கணக்கு புரிந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, கைச்செலவுக்கு வீட்டில்தான் கேட்க வேண்டும். ஆவணி பிறந்ததும் முகூர்த்தம் குவியும். தம்பி காலேஜில் முதல் இன்டர்னல் டெஸ்டும் அப்போதுதான். புரட்டாசியில் மறுபடி ஓய்வு. ஆவணியில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு மட்டும் போவது, வார நாளில் வருவதை விட்டுவிடுவது என்று அங்கேயே பேசி முடித்தோம். இதற்காகத் தனிக்காசு வாங்கவில்லை.

சரி, குறைகள். காலேஜ் திறந்த வாரத்தில் போனால் நின்று கால் வலிக்கும். டோக்கனும் கிடையாது, யார் குரல் பெரிதோ அவர்களுக்கு முதலில். டைப் அடிக்கும் பையன் அவசரக்காரன். தம்பியின் கால்குலஸ், முதல் பிரிண்டில் 'கால்குலேட்டர்' என்று வந்தது. லேமினேஷன் போடுவதற்கு முன்னால் வாங்கி ஒருமுறை படித்துவிடுங்கள். கார்டின் அடியில் 'லீவு 22' என்று ஒரு வரி அடித்திருக்கிறார்; எச்சரிக்கையாகப் போட்டிருக்கலாம், ஆனால் பதினெட்டு வயசுப் பையன் அதை அனுமதிச் சீட்டாகத்தான் படிப்பான். எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்.

பெரிய குறை லேமினேஷன்தான். ஐப்பசியில் மழை பிடித்துக் கலெக்டர் லீவு விட்டால், அன்றைய டே ஆர்டரைத் தம்பி காலேஜில் மறுநாளுக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு பின்பக்கத்தில் உள்ள எண் அத்தனையும் தப்பு. பிளாஸ்டிக் மேல் பேனாவும் ஓடாது. புதுக் கார்டு போட அண்ணாச்சி 15 ரூபாய் கேட்கிறார்; நியாயம்தான், ஆனால் ஒவ்வொரு மழைக்கும் கோரிப்பாளையம் நெரிசலில் யார் போய் நிற்பது? நாங்கள் டைம்டேபிளை மட்டும் லேமினேட் செய்து, தேதிப் பக்கத்தைச் சாதாரணத் தாளில் வாங்கி ஐ.டி. கார்டு உறைக்குள் பின்னால் செருகிவிட்டோம். பென்சிலில் அடித்துத் திருத்திக்கொள்ளலாம். இப்படி வேண்டும் என்று நாமாகக் கேட்டால்தான் செய்கிறார், விலையும் 30 ஆகிறது.

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மத்தியானம் சாப்பாட்டுக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாலும் உள்ளே ஆள் இருக்கும், குனிந்து கூப்பிடலாம். ஜிபே வாங்குகிறார். காலேஜ் கேலண்டர் புத்தகத்தை மறக்காமல் கொண்டுபோங்கள், போட்டோவில் அந்தப் பொடி எழுத்து தெரியாது.