400 பக்க நூல்: ஒரே வேர்டு ஃபைலா, அத்தியாயத்துக்கு ஒன்றா?

எங்கள் வட்டாரக் கோயில் கல்வெட்டுகளைத் தொகுக்கும் நூலை அத்தியாயத்துக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துத்தான் செய்தேன். 400 பக்கத்துக்கு மேல், படமில்லாத பக்கம் குறைவு. கூட வேலை பார்த்த நண்பர், எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும் என்று கடைசிவரை வாதாடினார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஒரே ஃபைல் என்றால் தேடுவது, சொல்லை மாற்றுவது, பக்க எண், அடிக்குறிப்பு எண் எல்லாம் தானாக நடக்கும்.

முதலில் அளவு. வேர்டில் எழுத்துக்கு மட்டும் 32 எம்பி, படங்களும் சேர்ந்தால் 512 எம்பி என்பது உச்சவரம்பு. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யுனிகோடில் தமிழ் 'கி' என்பதே இரண்டு குறிகள். அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 6 பைட் பிடிக்கும். அப்படியும் எழுத்தால் ஃபைல் வீங்குவதில்லை, ஏனென்றால் டாக்எக்ஸ் (.docx) என்ற வேர்டு ஃபைலே ஜிப் முறையில் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டைதான். வீங்க வைப்பவை படங்கள். சந்தேகம் இருந்தால் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, அதன் பெயரின் கடைசியில் உள்ள .docx என்பதை .zip என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே வேர்டு என்ற ஃபோல்டரில் மீடியா என்று ஒன்று இருக்கும். எந்தப் படம் எத்தனை எம்பி என்பது அங்கே தெரிந்துவிடும். ஓரம் வெட்டிய படத்தில் வெட்டிய பகுதியும் உள்ளேயே கிடக்கும். வேர்டின் கம்ப்ரஸ் பிக்சர்ஸ் என்ற வசதியில் 'வெட்டியதை நீக்கு' என்று குறித்தால்தான் போகும்.

அதே இடத்தில் தெளிவை 150 பிபிஐ-க்கு (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) குறைத்தால் ஃபைல் நன்றாக இளைத்துவிடும், சரி. ஆனால் அச்சுக்கு வழக்கமாக 300 கேட்பார்கள். தேய்ந்துபோன கல்வெட்டு எழுத்தை 150-இல் அச்சடித்தால் வாசகர் கண்ணுக்கு வெறும் கல்தான் தெரியும். அதனால் எங்களுக்குப் படத்தைக் குறைக்கும் வழி இல்லை, ஃபைலைப் பிரிக்கும் வழிதான் இருந்தது.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது ஒரே கேள்வி: சேவ் பாதியில் நின்றால் கையில் என்ன மிஞ்சும்?

சேவ் கொடுத்ததும் திருத்திய வரியை மட்டும் வேர்டு எழுதுவதில்லை. முழு ஆவணத்தையும் ஒரு தற்காலிக ஃபைலாகப் புதிதாக எழுதி, பழையதை அகற்றி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. அதாவது 300 எம்பி ஃபைலில் ஒரு காற்புள்ளி சேர்த்தாலும் இன்னொரு 300 எம்பிக்கு இடம் வேண்டும். பென் டிரைவில் அந்த இடம் இல்லாவிட்டால் 'டிஸ்க் நிறைந்துவிட்டது' என்று வரும். பெயர் மாற்றும் அந்த நொடியில் ஆன்டிவைரஸோ, கிளவுடுக்கு ஏற்றும் மென்பொருளோ ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தால் 'அனுமதி இல்லை' என்று வரும். ஃபைல் பெருக்கப் பெருக்க இந்த வேலை நீளும், இடையில் எதுவும் குறுக்கிட வாய்ப்பும் கூடும்.

இன்னொன்று, நூலின் உடல் எழுத்து முழுவதும் மூட்டைக்குள்ளே டாக்குமென்ட் எக்ஸ்எம்எல் என்ற ஒரே ஃபைலில் இருக்கிறது. அதில் ஓரிடம் சிதைந்தால் 400 பக்கமும் சேர்ந்தே திறக்க மறுக்கலாம். அத்தியாயமாகப் பிரித்திருந்தால் போவது ஒரு அத்தியாயம். அதற்கும் நேற்றைய நகல் ஒன்று மின்னஞ்சலில் கிடக்கும். ஜிமெயிலில் 25 எம்பிதான் இணைக்க முடியும் என்பதால் முழு நூலை அப்படி அனுப்பி வைத்திருக்கவே முடியாது. நண்பரின் எந்த வசதியும் இதற்கு ஈடில்லை என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான்.

பிரித்ததற்கு விலையும் கொடுத்தோம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தொடக்கப் பக்க எண்ணைக் கையால் போட வேண்டும், அடிக்குறிப்பு எண்ணும் அப்படியே. இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் கூடினால் பின்னால் உள்ள அத்தனையையும் திருத்த வேண்டும். ஆகவே அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளடக்கத்துக்கு, வேறு ஃபைலைச் சுட்டும் ஆர்டி (RD) என்ற வேர்டு குறியீடு கைகொடுக்கும். தனி ஃபைலில் கன்ட்ரோல் எஃப்9 அழுத்தி, வரும் அடைப்புக்குள் ஆர்டி என்று எழுதி, மேற்கோள் குறிக்குள் அத்தியாய ஃபைலின் பாதையைக் கொடுங்கள். இப்படி அத்தியாயத்துக்கு ஒன்று போட்டு, அதே ஃபைலில் பொருளடக்கத்தைச் செருகினால், எல்லா அத்தியாயத் தலைப்புகளையும் பக்க எண்ணோடு திரட்டித் தரும். பாதையில் வரும் பின்சாய்கோட்டை இரட்டையாகப் போட மறக்காதீர்கள். சொல்லடைவுக்கும் இதுவே வழி. ராஜராஜனா இராசராசனா என்று ஒருமுகப்படுத்தும்போதுதான் நண்பர் சிரித்தார்; ஃபைல் ஃபைலாகத் திறந்து மாற்ற வேண்டியிருந்தது.

வேர்டிலேயே மாஸ்டர் டாக்குமென்ட் என்ற ஏற்பாடு இருக்கிறது. துணை ஃபைல்களைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும். ஆனால் ஸ்டைல்கள் (தலைப்பு, பத்தி போன்றவற்றின் வடிவமைப்பு) ஒன்றோடொன்று மோதும், ஒரு ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். நீண்டகாலமாக வேர்டில் புழங்குபவர்கள் பலர் அதன் பக்கமே போவதில்லை. இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸின் மாஸ்டர் டாக்குமென்ட் இதைவிட ஒழுங்காக நடந்துகொள்கிறது என்று தோன்றியது, ஆனால் படம் குறைந்த சின்ன வேலைக்குத்தான் பயன்படுத்தினேன் என்பதால் இவ்வளவு படத்தோடு எப்படி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கூகுள் டாக்ஸில் 10.2 லட்சம் குறிகள் வரை போகலாம், சேவ் கவலையே இல்லை; ஆனால் வேர்டு ஃபைலை அங்கே மாற்ற வேண்டுமானால் 50 எம்பிக்குள் இருக்க வேண்டும். எங்கள் நூல் அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

100 பக்கம், நாலைந்து படம் என்றால் நானும் ஒரே ஃபைலில்தான் வைப்பேன். அப்போதும் பென் டிரைவில் திறந்து வேலை செய்யாமல் ஹார்டு டிஸ்கில் சேவ் செய்து, வேர்டை மூடிய பிறகு நகலெடுங்கள். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் 'எப்போதும் பேக்கப் நகல் எடு' என்பதையும் குறித்துவிடுங்கள். ஒவ்வொரு சேவிலும் முந்தைய பதிப்பைத் தனியாக வைத்திருக்கும்.