வடித்த சோறு சாப்பிடும் வீட்டுக்குத் தெர்மல் குக்கர் லாபமா?

தெர்மல் குக்கர் என்றால், கொதித்த பாத்திரத்தை உள்ளே இறக்கி மூடினால் சூட்டைப் பிடித்து வைக்கும் நுரைப்பெட்டி. உங்கள் வீட்டில் சோறு பிரஷர் குக்கரில் விசில் விட்டு வேகிறதா? அப்படியென்றால் கேஸ் மிச்சமாகும் என்று நம்பித் தெர்மல் குக்கர் வாங்க வேண்டாம், மிச்சமாகாது. கஞ்சி வடித்த சோறுதான் தொண்டையில் இறங்கும் என்கிற வீடு, அதுவும் தினம் இரண்டு வேளை உலை வைக்கிற வீடு என்றால் தாராளமாக வாங்கலாம். கடைக்காரர் இரண்டு வீட்டுக்கும் ஒரே பேச்சைத்தான் பேசுவார். அதனால் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 70 கிலோகலோரி போதும். அதே ஒரு லிட்டர் கொதித்து முழுக்க ஆவியாகப் போக 540 கிலோகலோரி வேண்டும். உலை கொதித்த பிறகு மூடியைத் திறந்து வைத்துத் தளதளவென்று கொதிக்க விடுகிறோமே, கேஸ் கரைவது அங்கேதான். தீயைக் கூட்டினாலும் தண்ணீர் 100 டிகிரிக்குமேல் சூடாகாது. ஆவிதான் கூடுதலாகப் போகும். அரிசி வேகத் தேவை சூடும் நேரமும் மட்டுமே. அந்த நேரத்தை அடுப்பில் கழிக்காமல் பெட்டியில் கழிக்க வைப்பதுதான் இந்தச் சாமானின் முழு வேலை.

நாலு பேருக்கு அரை கிலோ அரிசி என்று வைப்போம். திறந்த உலையில் இரண்டரை லிட்டர் தண்ணீர் வைத்து, 20 முதல் 25 நிமிடம் கொதிக்க விட்டால் 400 மில்லி அளவுக்கு ஆவியாகும். மொத்தம் 400 கிலோகலோரி ஆகிறது. தெர்மல் குக்கரில் 2 லிட்டர் தண்ணீர் போதும், ஆவி 100 மில்லிக்குள் அடங்கும், ஏறக்குறைய 210. பிரஷர் குக்கரில் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், 170தான். வீட்டு அடுப்பில் எரிகிற வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் பாத்திரத்துக்குப் போகாமல் வீணாகும். அதைக் கழித்தால் கிலோ கேஸில் 6,500 கிலோகலோரி நமக்குக் கிடைக்கிறது. அப்படியானால் திறந்த உலைக்கு 62 கிராம், தெர்மலுக்கு 32 கிராம், பிரஷர் குக்கருக்கு 26 கிராம்.

வேளைக்கு 30 கிராம், இரண்டு வேளைக்கு 60, மாதத்துக்கு 1.8 கிலோ. 14.2 கிலோ சிலிண்டரை 900 ரூபாய் என்று வைத்தால் மாதம் 110 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே மிச்சம். 35 நாள் வருகிற சிலிண்டர் 41 நாள் வரும். குக்கர் 2,000 ரூபாய் என்றால் ஒன்றரை வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும். ஒரு வேளை மட்டும் வடிக்கிற வீட்டுக்கு மூன்று வருடம் ஆகும். “பாதி கேஸ் மிச்சம்” என்று கடையில் சொல்வது சோற்றுக்கு மட்டும் உண்மை. குழம்பு, பொரியல், இட்லி, பால் எல்லாம் பழைய கணக்கில்தான் ஓடும்.

வாங்குவதற்கு முன் காசில்லாமல் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். வழக்கமான சோற்றுப் பானையிலேயே அரிசியைச் சில நிமிடம் கொதிக்க வைத்து, இறுக மூடி, அடுப்பை விட்டு நன்றாகத் தள்ளி இறக்கிவிடுங்கள். பழைய போர்வையை நாலாக மடித்து அட்டைப்பெட்டிக்குள் விரித்து, பானையை நடுவில் வைத்து மேலேயும் சுற்றிலும் பொத்தி விடுங்கள். நுரைப்பெட்டி அளவுக்குச் சூடு நிற்காது. ஆனாலும் முக்கால் மணி நேரத்தில் சோறு பெரும்பாலும் வெந்துவிடும். இந்தப் பக்குவம் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கிறதா, காத்திருக்கும் பொறுமை இருக்கிறதா என்பது இதிலேயே தெரிந்துவிடும். சிலருக்குப் போர்வையே போதும் என்று தோன்றும். அதுவும் நல்லதுதான்.

பக்குவம் முழுக்க அரிசியைப் பொறுத்தது. நம்ம வேலூரில் நன்றாகப் போகிற ஆற்காடு கிச்சிலிச் சம்பாவை எடுத்துக்கொள்வோம். பழைய புழுங்கல் என்றால் கழுவி 20 நிமிடம் ஊறட்டும். அரிசிக்கு நாலு மடங்கு தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு அரிசியைப் போட்டு, ஒரு தடவை அடிவரை கிளறி மூடுங்கள். மறுபடி கொதி வந்ததிலிருந்து 6 அல்லது 7 நிமிடம். பிறகு மூடியைத் திறக்காமல் பெட்டிக்குள் இறக்கி 35 முதல் 40 நிமிடம் விடுங்கள். பச்சரிசிக்கு 3 அல்லது 4 நிமிடக் கொதி, பெட்டியில் 20 முதல் 25 நிமிடம். ரேஷன் புழுங்கல் தடித்த அரிசி. அரை மணி நேரம் ஊற வைத்து, 10 நிமிடம் கொதிக்க விட்டு, பெட்டியில் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். புது அரிசி எதுவானாலும் கொதியில் 2 நிமிடமும் பெட்டியில் 10 நிமிடமும் குறையுங்கள், இல்லாவிட்டால் களி மாதிரி ஆகிவிடும். மூட்டை மாறும்போதெல்லாம் பக்குவமும் கொஞ்சம் மாறும். முதல் இரண்டு நாள் நேரத்தைக் குறித்து அரிசி டப்பாவின் மேல் ஒட்டி வையுங்கள்.

சோறு கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். கொதி வருமுன்பே இறக்கினால் நடு அரிசி நறுக்கென்று நிற்கும். ‘வெந்துவிட்டதா’ என்று நடுவில் திறந்து பார்த்தால் மேலிருக்கிற ஆவிச்சூடு போய்விடும். அதன்பின் வேக இன்னும் நேரம் பிடிக்கும். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: வேலை மும்முரத்தில் வடிக்க மறப்பது. அடுப்பு அணைந்துவிட்டது என்பதால் வேகுவது நின்றுவிடாது, உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் குழைந்த சோறுதான். போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

வடித்தபின் சோற்றை மறுபடி பெட்டியில் வைத்தால் மதியம் வரை சூடாக இருக்கும், ஹாட்பாக்ஸ் தனியாக வேண்டாம். ஆனால் மூன்று நான்கு மணி நேரத்துக்குமேல் வேண்டாம். சோற்றின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அந்த வெதுவெதுப்பு கிருமி பெருகத் தோதான சூடு. திரும்பச் சூடாக்கினாலும் சில கிருமிகளின் நஞ்சு போகாது. வேலூர் கத்திரி வெயிலில் பெட்டிக்குள் ராத்திரி முழுக்க இருந்த சோறு காலையில் நூல் விட்டு நாறும். பழைய சோற்றுக்கு எடுத்து வைப்பதானால் ஆற வைத்துத் தண்ணீர் ஊற்றி மண்சட்டியிலோ எவர்சில்வரிலோ வையுங்கள், பெட்டி அதற்கில்லை.

பருப்புக்கும் இதுவே போதும் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் மேல்திசுவை இறுக்கிவிடும். துவரம்பருப்பு எத்தனை நேரம் பெட்டியில் இருந்தாலும் மசியாது. போர் தண்ணீர் புழங்கும் தெருக்களில் இது தினசரிப் பாடு. பருப்பை ஒரு மணி நேரம் ஊற வைத்து, முடிந்தால் குடிதண்ணீரில், பிரஷர் குக்கரில் போடுங்கள். புளியும் உப்பும் வெந்தபிறகுதான். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு சில மாதம் கொஞ்சம் பழசாக வரும், அதற்கு ஊறல் நேரத்தைக் கூட்டினால் ஒரு விசில் குறையும். ராஜ்மாவைப் பெட்டியில் வேக வைக்கவே கூடாது. அதில் உள்ள நச்சு முறிய ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதித்தாக வேண்டும்.

கேழ்வரகுக் களிக்குப் பாதி வேலை செய்யும். நொய்யை 3 நிமிடம் கொதிக்க வைத்து அரை மணி நேரம் பெட்டியில் விட்டால் பூவாக வெந்திருக்கும், அடியும் பிடிக்காது. மாவைப் போட்டுக் கிளறுவதற்கு மறுபடி அடுப்புக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆடி மாதக் கூழுக்கும் இதே வழி.

வாங்கும்போது அளவில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். விருந்தாளி வந்தால் வேண்டும் என்று இரண்டு கிலோ அளவு வாங்கி, அதில் தினமும் அரை கிலோ வேக வைத்தால் சோறு அரைவேக்காடாகத்தான் வரும். பாத்திரத்தில் முக்கால் பங்கு நிரம்பினால் சூடு நன்றாக நிலைக்கும். பாதிக்குக் கீழே இருந்தால் காலியிடக் காற்றும் பெட்டிச் சுவரும் சூட்டை இழுத்துக்கொள்ளும். நாலு பேர் வீட்டுக்கு ஒரு கிலோ அளவுக்கு மேல் வேண்டாம். சிஎம்சி மருத்துவமனை பக்கம் அறை எடுத்து மாதக்கணக்கில் தங்கி, நோயாளிக்குத் தாங்களே சமைத்துக் கொடுப்பவர்களுக்குக் கடையில் இருப்பதிலேயே சின்னது போதும். ஒரே அடுப்பை வைத்துக்கொண்டு திண்டாடும் அவர்களுக்கு, சோறு பெட்டியில் வேகும்போது அடுப்பு குழம்புக்குக் கிடைப்பதே பெரிய உதவி. அங்கே இண்டக்ஷன் அடுப்பு என்றால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது.

வேலூர் கடைத்தெருவான லாங்கு பஜாருக்குப் போனால் அட்டைப்பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, உள்பாத்திரத்தை இறக்கிப் பாருங்கள். பாத்திரத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே விரல் தாராளமாக நுழைந்தால் வேண்டாம். அடி தட்டையாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். தூக்கும் காதுகள் முழுதாக மடிய வேண்டும், இல்லாவிட்டால் வெளிமூடி பொருந்தாது. மூடியின் ரப்பர் வாஷர் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். முதலில் போவது அதுதான். அது தளர்ந்தால் பெட்டி சூட்டை நிறுத்தாது.

வீட்டுக்கு வந்ததும் பில்லை எறியாமல் கொதிக்கும் தண்ணீரை முக்கால் பாத்திரம் ஊற்றி மூடி, ஒரு மணி நேரம் கழித்து வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். எங்காவது ஒரு இடம் மட்டும் சுட்டால் அங்கே உள்ளே நுரை நிரம்பவில்லை, அன்றைக்கே மாற்றிக் கொண்டு வாருங்கள். பெட்டியை அடுப்பு மேடையில் எரியும் பர்னருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் உருகும். பாத்திரத்தின் அடி ஈரத்தையும் கரியையும் துடைத்துவிட்டே உள்ளே இறக்குங்கள். உப்புத் தண்ணீரால் உள்ளே வெள்ளையாகப் படிந்தால் பிழிந்த எலுமிச்சைத் தோலும் தண்ணீரும் போட்டு 5 நிமிடம் கொதிக்க விட்டுத் தேய்த்தால் போய்விடும்.