குடும்ப மர ஆப்: ஐயாவையும் பேரனையும் ஒரே ஆளாக்குற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு

பாதி விலைக்கு ஆஃபர் போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு தம்பி மெசேஜ் பண்ணிருக்கான், "ஆச்சி, நீங்க வச்சிருக்க அந்த வம்சாவளி ஆப்பை நானும் வாங்கவா"ன்னு (அக்காவையும் மூத்த பெண்களையும் எங்க பக்கம் ஆச்சின்னுதான் கூப்பிடுவாக). போன்ல சொன்னா முடியாது, சொந்தத்துல இன்னும் சில பேரு இதையே கேட்டுட்டு இருக்காக, அதனால எழுதியே போட்டுடுறேன். ஆப் பேரு எழுதப் போறதில்ல, கேட்டவங்களுக்குத் தெரியும். மரம் வரையிறது, போட்டோ ஒட்டுறது, பிறந்தநாள் ஞாபகப்படுத்துறது இதெல்லாம் உங்களுக்கே தெரிஞ்சதுதான், விட்டுடுறேன். ரெண்டு மூணு வருஷமா காசு கட்டி தினமும் தொட்ட ஆளா ஒரு விஷயம்தான் சொல்லணும், அது என்னன்னா இந்த ஆப்புக்கு நம்ம வீட்டுல பேரு வைக்கிற முறை புரியல, புரியாததோட நிக்காம நம்ம மரத்துல கையையும் வைக்குது.

நம்ம செட்டிநாட்டு நகரத்தார் பக்கம் மூத்த மகனுக்கு அப்பச்சியோட அப்பச்சி பேருதான் (அப்பச்சின்னா அப்பா, ஐயான்னா தாத்தா). பேரை மாத்திச் சொல்றேன், ராமநாதன் மகன் சிதம்பரம், சிதம்பரம் மகன் ராமநாதன், அவர் மகன் மறுபடி சிதம்பரம்னு வச்சுக்கங்க. இப்ப இதுல வர்ற ராமநாதன் ரெண்டு பேரையும் எடுங்க. ரெண்டு பேருக்கும் பேரு ஒண்ணு, அப்பச்சி பேரு ஒண்ணு, மகன் பேரு ஒண்ணு, ஊரு ஒண்ணு, கோயில் (குலத்துக்கு அடையாளமான கோயில்) ஒண்ணு, அந்தக் கோயிலுக்குள்ள வர்ற பிரிவு ஒண்ணு, வீடே ஒண்ணுதான். இதுல கல்யாணத்தையும் சேத்துப் பாருங்க. பேத்திக்கு ஆயா (அம்மாவோட அம்மா) பேரு வைப்பாக, அயித்தை மகளைக் கட்டுற முறையும் நம்மகிட்ட உண்டு, அப்ப ஐயா பேருள்ள பேரன் ஆயா பேருள்ள அயித்தை மகளைக் கட்டினா ராமநாதன் - மீனாட்சி ஜோடி அப்படியே திரும்ப வரும். எங்க வீட்டுல அப்படித்தான் வந்திருக்கு. ஆப்பு இதைப் பாத்துட்டு "இது டூப்ளிகேட்"னு கேக்குது, இல்லன்னு அமுக்கினா அடுத்த வாரம் திரும்பக் கேக்குது, ஒவ்வொரு தலைமுறைக்கும் கேக்குது.

பிறந்த வருஷத்தைப் போட்டா கேக்காதேன்னு கஸ்டமர் கேர்ல சொன்னாங்க. அங்கதான் இன்னொரு சிக்கல். பழைய பேரேட்டுலயும் சிட்டையிலயும் இங்கிலீஷ் வருஷம் எங்க இருக்கு, "தாது வருஷம் ஆவணி மாசம்"னுதான் இருக்கும். தாதுன்னா 1876, இல்லன்னா 1936, அறுபது வருஷத்துக்கு ஒருக்கா வர்ற பேரு. ஐயாவுக்கும் பேரனுக்கும் வயசு வித்தியாசம் சுமாரா அறுபதுதான் வரும், அதனால ரெண்டு பேருமே தாது வருஷத்துல பொறந்தவங்களா இருக்குறது ஒண்ணும் அதிசயமில்ல, எங்க ஐயாவும் அவருக்கு ஐயாவும் அப்படித்தான். போதாததுக்கு தாது வருஷம் மாசி மாசம்னு இருந்தா அது 1876 இல்ல, 1877, ஏன்னா நம்ம வருஷம் சித்திரையில ஆரம்பிச்சு பங்குனியில முடியுது. தேதியோட கிழமையும் எழுதியிருந்தா பழைய பஞ்சாங்கத்தை வச்சு எந்தத் தாதுன்னு பிடிச்சிடலாம், கிழமை இல்லாத வரிக்கு பக்கத்து வரியில யார் யார் பேரு இருக்குன்னு பாத்துதான் ஊகிக்கணும். அப்படி முடிவாகிற வரைக்கும் வருஷக் கட்டத்தைக் காலியா விடுறதுதான் நேர்மை. காலியா விட்டா ஆப்பு ரெண்டு பேரையும் ஒண்ணுங்குது.

இந்த சாஃப்ட்வேர் எல்லாம் தங்களுக்குள்ள மரத்தைக் கொடுக்கல் வாங்கல் பண்ண ஜெட்காம்னு ஒரு ஃபைல் முறை வச்சிருக்காங்க, 1980கள்ல இருந்து இருக்கு. ரொம்ப காலமா எல்லாரும் பயன்படுத்துற அதோட 5.5.1 பதிப்புல யூத காலண்டருக்கு இடம் இருக்கு, பன்னெண்டு வருஷம் போல மட்டும் புழங்கின பிரெஞ்சுப் புரட்சிக் காலண்டருக்குக்கூட இடம் இருக்கு. பிரபவ, விபவன்னு இன்னைக்கும் கல்யாணப் பத்திரிகையில போடுற நம்ம அறுபதுக்கு அந்த வரிசையில இடமில்ல. இதைப் படிச்சப்ப எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருந்துச்சு.

சரி, நியாயத்தையும் சொல்லிடுறேன், நல்லதும் நிறையவே இருக்கு.

பிள்ளை கூட்டுன (தத்தெடுத்த) விவரத்தை இது அழகா வாங்கிக்குது. நம்மள்ல வாரிசு இல்லாத வீட்டுக்கு பங்காளி வீட்டுல இருந்து பிள்ளை கூட்டுவாக, வந்த பிள்ளைக்கு கூட்டிக்கிட்ட வீட்டுப் பேரை வைப்பாக. ஒரு ஆளுக்கு ரெண்டு அப்பச்சி, ரெண்டு பேரு. இந்த ஆப்புல ரெண்டு செட் பெத்தவங்களைப் போடலாம், பொறந்த வீட்டுப் பேரையும் தனியா வச்சுக்கலாம். எங்க பெரியப்பச்சி வீட்டுல மூணு தலைமுறையா ரத்தம் எங்கிருந்து வருதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாம இருந்துச்சு, இதுல போட்டப்புறம்தான் கோத்து வந்துச்சு.

அதைவிடப் பெரிய சந்தோஷம் உறவு வழி காட்டுற பட்டன். ரெண்டு பேரைத் தொட்டா நடுவுல யார் யார் வழியா சொந்தம்னு வரிசையாக் காட்டும். போன தை மாசம் வயசானவுகளுக்குப் பண்ற ஒரு சாந்திக் கல்யாணத்துல வளவுல (வீட்டு உள்முற்றத்துல) உக்காந்திருந்தோம், தேவகோட்டையில இருந்து வந்த ஒரு ஆச்சி, எண்பதுக்கு மேல இருக்கும், என்னையப் பாத்து "இந்தப் புள்ள நமக்கு என்ன முறை"ன்னு கேட்டாக. அவுக ஐயா பேரு, ஊரு, கோயில் கேட்டு எடுத்துப் பாத்தேன். நாலு கல்யாணம் தாண்டி வருது, நடுவுல ஒரு பெண் நேமங்கோயில் வீட்டுல இருந்து எங்க வீட்டுக்கு வந்தவுக. ஆச்சி ஒவ்வொரு பேரா வாசிக்கச் சொல்லி, "அவளா, அவ எங்க அப்பத்தா கூடப் பொறந்தவளாச்சே"ன்னு சொல்லி என் கையைப் பிடிச்சவுக பந்திக்குக் கூப்பிடுற வரைக்கும் விடல. அந்தப் பெண்ணு பேரு எங்க வீட்டு ஏடு எதுலயும் இல்ல, பொண்ணுங்க கல்யாணமானா புருஷன் கோயில் புள்ளியில (புருஷன் பேருல ஜோடிக்கு ஒண்ணா எண்ணுற கணக்கு) சேந்துடுறாக, பொறந்த வீட்டுக் கணக்குல அதோட முடிஞ்சது. இசைகுடிமானம்னு கல்யாணத்துல எழுதுற ஒப்பந்தம் ஒண்ணுதான் ரெண்டு வீட்டையும் ஒரே தாள்ல சேத்து எழுதுறது, அதை போட்டோ எடுத்து ஏத்தினதுனாலதான் அவுக மரத்துல வந்தாக. இப்படி விட்டுப்போன பெண்களைத் திரும்பக் கொண்டுவர்ற வேலைக்காகத்தான் நான் இதுல இவ்வளவு நேரம் செலவழிக்கிறேன், அந்த அளவுக்கு இந்த ஆப்பு எனக்கு உதவியிருக்கு, மறைக்க மாட்டேன்.

இப்ப கோவத்துக்கு வர்றேன்.

இந்த வருஷம் ஒரு அப்டேட் வந்துச்சு. அதுக்கப்புறம் டூப்ளிகேட்னு நம்ம கிட்ட கேக்குறதைக்கூட விட்டுட்டு, பொருத்தம் அதிகமா இருந்தா தானே சேத்துடுது. அந்த செட்டிங் தானாவே ஆன்ல வருது, ஒரு அறிவிப்பும் இல்ல. ஒரு நாள் திறந்து பாக்குறேன், 1876ல பொறந்த பெரியவரும் 1936ல பொறந்த எங்க ஐயாவும் ஒரே ஆளு. பெரியவருக்கு அப்ப வருஷம் உறுதியாகல, கட்டம் காலி, மத்ததெல்லாம் பொருந்துது, சேத்துடுச்சு. நடுவுல இருந்த சிதம்பரம் நிலைமையைப் பாருங்க, அவர் அந்த ஆளுக்கு மகன், அதே ஆளுக்கு அப்பச்சியும் அவர்தான். வட்டமா சுத்துதுன்னு ஆப்புக்கே பிழை தெரிஞ்சு ஒரு கோட்டை அதுவா அறுத்து விட்டுடுச்சு, அறுத்தது அவருக்கு மேல போற கோட்டை. அவர் பர்மாவுல மோல்மேன்ல எங்க பங்காளி கிட்டங்கியில (வட்டிக்கடை நடத்துற இடம்) அடுத்தாளாப் (உதவி ஆளாப்) போயி மேலாளா (கடைப் பொறுப்பாளரா) ஆனவர், மூணு வருஷக் கணக்கு முடிச்சு ஊருக்கு வந்து திரும்பப் போனவர், 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப அரக்கான் வழியா நடந்து வந்தவர். அவரோட கடுதாசி, ஐந்தொகைத் தாள் (வரவு செலவு இருப்புக் கணக்கு) எல்லாம் அவர் பேருலதான் ஏத்தியிருந்தேன். இப்ப அவர் பெத்தவங்க இல்லாத ஆளா நிக்கிறார்.

அதுக்கு மேல ஒண்ணு. ஐயா இருந்தப்ப அவர் குரல்ல பதிவு பண்ணினது, வளவுல உக்காந்து பேசினது, அது 1876 பெரியவர் பக்கத்துக்குப் போயிடுச்சு. கஸ்டமர் கேர்ல கேட்டா நாளாயிடுச்சு, பழைய நிலைக்குத் திருப்ப முடியாது, இனிமே ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி சர்நேம் போடுங்கன்னு பதில். நம்மகிட்ட சர்நேம் எங்க இருக்கு? விலாசம்தான் இருக்கு, ராம. சித. ராம.ன்னு முன்னோர் பேரோட முதலெழுத்து வரிசை, பங்காளிக எல்லாருக்கும் சேந்தது. பர்மாவுலயும் மலேயாவுலயும் கடைக்கு மார்க்காவா இருந்தது அதுதான், சிங்கப்பூர் பழைய பேப்பர்ல பவர் கொடுத்தது, எடுத்தது பத்தி நோட்டீஸ் வந்ததும் அந்த எழுத்துலதான், சென்னை ஹைகோர்ட் பழைய தீர்ப்புல பாகவழக்கு சுவீகார வழக்குன்னு வர்ற பேருக்கெல்லாம் முன்னாடி நிக்கிறதும் அதுதான். குரல் பதிவு போன்லயும் இருந்துச்சு, அதனால தப்பிச்சுது. அப்படி இல்லாதவங்க என்ன பண்ணுவாக?

திரும்பக் கட்டிட்டு இருக்கேன், இப்ப எப்படிப் பண்றேன்னு சொல்றேன், யாருக்காவது உதவும். சர்நேம் கட்டத்துல கோயிலும் பிரிவும் போடுறேன், "இளையாத்தங்குடி ஒக்கூர்"னு. விலாசத்தை பேருக்கு முன்னாடி போடுறேன். பேருக்குப் பின்னாடி "மூத்த தாது", "இளைய தாது"ன்னு எழுதிடுறேன், அப்பத்தான் எழுத்து பொருந்தாம ஆப்பு விலகிப் போகுது. இதனால கல்யாணத்துல பெரியவுகளுக்குக் காட்டுறப்ப பேரு நீளமாத் தெரியுது, தேடுறப்ப சில சமயம் அகப்பட மாட்டேங்குது, ஆனா ஆளு பத்திரமா இருக்காக. வீட்டுல கூப்பிடுற பேரையும் கண்டிப்பாப் போடுங்க. மாமனார் பேரை மருமக வாயால சொல்லக்கூடாதுன்னு பேரனுக்கு வேற செல்லப்பேரு வச்சுத்தான் கூப்பிட்டிருப்பாக, ஒரே பேருள்ள ரெண்டு பேரைப் பிரிக்க அந்தச் செல்லப்பேரு மாதிரி வேற எதுவும் உதவாது, கடுதாசியில பாதிக்கு மேல அந்தப் பேருதான் இருக்கும்.

கம்ப்யூட்டர்ல உக்காரப் பொறுமை இருந்தா கிராம்ப்ஸ்னு இலவசமா ஒண்ணு இருக்கு. அதுல கோயில், பிரிவு, விலாசம்னு நமக்கு வேண்டிய விவரத்தை நாமே சேத்துக்கலாம், ஒரே ஆளோன்னு சந்தேகம் காட்டினாலும் சேக்குறது நம்ம கையில இருக்கு. கத்துக்கக் கொஞ்சம் நாளாகும், பெரியவுகளுக்கு போன்ல காட்டுற சுகம் அதுல இல்ல. நான் இப்ப ரெண்டுலயும் ஏத்திட்டு இருக்கேன்.

தம்பி, இவ்வளவு நல்லது சொல்லிட்டு நான் சொல்றது உனக்கு விசித்திரமா இருக்கும், ஆனா வாங்காதே. பாதி விலைக்குன்னாலும் வேண்டாம், அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார்தான் போட்டிருக்கேன், ஒரு மாசம் முன்னாடி கேட்டிருந்தா நாலு போட்டிருப்பேன். நம்ம ஆளை நம்மளக் கேக்காமத் தொடுற ஒண்ணுக்கு இப்ப என்னால மனசு வந்து நல்லதுன்னு சொல்ல முடியல. அந்த உறவு வழி பட்டனுக்காக எனக்கு விடவும் மனசு வரல, நான் இந்த வருஷமும் கட்டியிருக்கேன், அது வேற.

மீறி வாங்கினா முதல் வேலையா செட்டிங்ஸ்ல தானாச் சேக்குறதை ஆஃப் பண்ணு, ஒவ்வொரு அப்டேட்டுக்கு அப்புறமும் போய்ப் பாரு. மாசம் ஒருக்கா ஜெட்காம் ஃபைலை எடுத்து வேற இடத்துல வை, போட்டோவும் குரலும் அதுல வராது, அதைத் தனியா காப்பி பண்ணணும். எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஊருக்கு ஒரு நடை வா. இரட்டை வீட்டுப் பெட்டகத்துல அப்பத்தா கல்யாணத்து இசைகுடிமானமும் சீர் சிட்டையும் இருக்கணும், சாவி பெரியப்பச்சி கிட்ட இருக்கு, நீ கேட்டாத்தான் குடுப்பாக.