டர்போவை மாற்றும் முன் வேஸ்ட்கேட்டைப் பாருங்கள்: ஒரு பழைய டீசல் வண்டியின் அனுபவம்

பழைய டர்போ டீசல் வண்டியை வருடக்கணக்கில் வைத்து ஓட்டுகிறவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் சொல்வது, "முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குது" என்பதுதான். ஸ்டார்ட் ஆவதில் குறை இருக்காது. ஐடிலிங் சீராக இருக்கும். சமதளத்தில் மெதுவாகப் போனால் எதுவும் தெரியாது. பாரத்தோடு ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான் சைலன்சர் கறுப்பாகக் கக்கும், வேகம் மட்டும் ஏறாது. என் வண்டி இந்த நிலைக்கு வந்தபோது, பார்த்த மெக்கானிக்குகள் டர்போ போய்விட்டது, புதிது போடுங்கள் என்றார்கள். கெட்டிருந்தது டர்போவின் உள்பாகம் இல்லை, வேஸ்ட்கேட். அந்த டர்போவே இன்றும் வண்டியில் ஓடுகிறது. எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அந்த அழுத்தம்தான் பூஸ்ட். தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிப் போகும் என்பதால் அதற்கு ஓர் எல்லை வேண்டும். பூஸ்ட் போதுமான அளவை எட்டியதும் புகையில் ஒரு பங்கை டர்பைனுக்குப் போகவிடாமல் பக்கவழியில் திருப்பிவிடும் சின்னக் கதவுதான் வேஸ்ட்கேட். அதை ஒரு ராடு மூலம் அசைப்பது ஆக்சுவேட்டர்: ஒரு டப்பா, உள்ளே ஒரு டயாஃப்ரம், ஒரு ஸ்பிரிங். கம்ப்ரசரிலிருந்து சின்ன ஹோஸ் வழியே வரும் பூஸ்ட், ஸ்பிரிங்கை மீறும்போது கதவு திறக்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது வேஸ்ட்கேட்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 1991-ல் ஃபியட் குரோமா டீசலில் வந்த விஜிடி டர்போ (புகை போகும் வழியின் அளவை மாற்றிக்கொள்ளும் வகை) பிறகு டீசல் கார்களில் பரவலாகிவிட்டது. வெளியே பார்த்தால் அதிலும் இதே மாதிரி டப்பாவும் ராடும் இருக்கும், ஆனால் ராடு அசைப்பது டர்பைனைச் சுற்றியுள்ள இறகுகளை. அந்த வகை பெரும்பாலும் வாக்யூமில் வேலை செய்யும். டீசலில் அந்த வாக்யூமைக் கொடுக்கத் தனி பம்ப் உண்டு, பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான். ஆகவே வாக்யூம் வகை வண்டியில் இழுவை குறைந்து பிரேக் பெடலும் கட்டையாக இருந்தால், டர்போவை விட்டுவிட்டு முதலில் பம்பைப் பாருங்கள். இனி சொல்வதெல்லாம் பூஸ்ட் அழுத்தத்தில் திறக்கும் சாதாரண வேஸ்ட்கேட்டைப் பற்றி.

இந்த வண்டிக்கு நான் வாங்கிப் போட்டவற்றில் மிகவும் உதவியது ஒரு பூஸ்ட் மீட்டர். இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸில் ஒரு டி-இணைப்புப் போட்டு டாஷ்போர்டில் நிரந்தரமாக வைத்துவிட்டேன். நிற்கிற வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பூஸ்ட் பார்ப்பதில் பயன் இல்லை. பாரம் இல்லாத டீசலில் டர்பைனைச் சுழற்றும் அளவுக்குப் புகையில் சூடும் வேகமும் இருக்காது. ஏற்றத்தில், ஒரே கியரில், முழுதாக மிதித்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்கேனர் வைத்துப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தே காட்டும். கடல்மட்டத்தில் எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டாலே சுமார் 100 கிலோபாஸ்கல், அதாவது ஒரு பார், வரும். 190 காட்டினால் உண்மையான பூஸ்ட் 0.9 பார்தான்.

நல்ல நிலையில் என் வண்டி 2,000 ஆர்பிஎம் தாண்டியதுமே 0.9 பாரைத் தொட்டுவிடும். பிரச்சினை வந்தபோது அதே இடத்தில் 0.4 கூட வரவில்லை. ஆனால் 3,000-ஐ நெருங்கும்போது முள் மெல்ல ஏறி 0.8 வரை போனது. இந்த ஏறுமுகத்தில்தான் விடை இருந்தது. வேஸ்ட்கேட் கதவு சரியாக மூடாமல் புகை எப்போதும் கசிந்துகொண்டிருந்தால் இப்படித்தான் இருக்கும். ஓட்டை வாளியில் குழாயை லேசாகத் திறந்தால் தண்ணீர் நிற்காது, முழுதாகத் திறந்தால் ஓட்டையையும் மீறி நிரம்பும். புகை குறைவாக வரும் கீழ் ஆர்பிஎம்மில் கசிவு பெரிதாகத் தெரியும், மேலே போகப் போக அதன் பாதிப்பு குறையும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கதை வேறு. பூஸ்ட் வழக்கம்போல் சீக்கிரம் ஏறும், பிறகு குறைந்த அளவிலேயே நின்றுவிடும்.

கதவு மூடியபடி இறுகிக்கொண்டால் பூஸ்ட் எல்லை மீறும். கம்ப்யூட்டர் உள்ள வண்டி, பூஸ்ட் அதிகம் என்பதைக் குறிக்கும் பி0234 கோடு போட்டு டீசலைக் குறைத்துவிடும். மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லை, ஹெட் கேஸ்கெட் வரை ஆபத்து. டயாஃப்ரம் கிழிந்தால் பூஸ்ட் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தத்தில் திறக்கும் வகையில் நடப்பது நேர் எதிர்: ஸ்பிரிங்கைத் தள்ள ஆளில்லாமல் கதவு மூடியே இருக்கும், பூஸ்ட் எகிறும். சின்ன ஹோஸ் கழன்று விழுந்தாலும் அதேதான். பூஸ்ட் குறைவு என்ற புகாருக்கு ஆக்சுவேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

வேஸ்ட்கேட்டைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களைப் பார்க்க வேண்டும். கசிகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன் மேல் தூசியும் ஒட்டியிருக்கும். ஹோஸின் அடிப்பக்கத்தில் விரிசல் இருந்தால் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் இதே கறுப்புப் புகை, இதே மந்தம். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் ஃபில்டர் பக்கம் போங்கள்.

இவை சரி என்றான பிறகு ஆக்சுவேட்டரில் கைப்பம்பை மாட்டி மெதுவாக அழுத்தம் கொடுத்தோம். ராடு எந்த அழுத்தத்தில் அசையத் தொடங்க வேண்டும் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். என்னுடையது அந்த அளவிலேயே அசைந்தது, அழுத்தமும் இறங்காமல் நின்றது. ஸ்பிரிங்கும் டயாஃப்ரமும் நலம். அப்புறம் சின்ன ஹோஸைக் கழற்றி, கம்ப்ரசர் பக்க வாயை அடைத்துவிட்டு ஓட்டினோம். இப்போது கதவைத் திறக்க எதுவும் இல்லை. பூஸ்ட் சரியாகிவிட்டால் கதவு முன்கூட்டியே திறக்கிறது என்று அர்த்தம். பழையபடி மந்தமாகவே இருந்தால் மூடிய கதவே கசிகிறது. என் வண்டியில் கீழ் ஆர்பிஎம்மில் ஒரு மாற்றமும் இல்லை. இந்தச் சோதனையைச் செய்பவர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. வழக்கமான உச்ச அளவை முள் தொட்டதும் காலை எடுத்துவிட வேண்டும். மீட்டர் இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம்.

டர்போவின் பின்பக்கப் புகைக் குழாயைக் கழற்றி டார்ச் அடித்ததும் விஷயம் வெளிச்சமானது. கதவின் அச்சாணியான 'பின்' உட்காரும் வளையம், அதாவது புஷ், தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. கதவு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கதவு பதிந்து மூடும் விளிம்பான சீட்டில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் புகை தப்பிப் போன கரித் தடம். தண்டையும் சோதித்தோம். பக்கவாட்டில் மிகக் குறைந்த ஆட்டம் இருந்தது, அது இயல்பு. முன்பின்னாகக் கைக்கு எட்டும் ஆட்டம் இல்லை, இறகுகள் எங்கும் உரசவில்லை. டர்போவை மாற்ற எந்தக் காரணமும் இல்லை. புதிய புஷ், பின், கதவு போட்டு, சீட்டைச் சமப்படுத்தினார்கள். மாட்டும்போது ராடின் நீளத்தை மேனுவல்படி வைத்தோம். கூடுதல் பூஸ்டுக்காக அதைச் சுருக்குகிறவர்கள் இருக்கிறார்கள், பழைய எஞ்சினுக்கு அது நல்லதல்ல.

அதற்குப் பிறகு பல வருடங்கள் ஓடிவிட்டன. இழுவை அப்படியே இருக்கிறது. ஆயில் மாற்றும்போதெல்லாம் கைப்பம்பால் ராடை முழுத் தூரம் அசைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் கரி படிந்து கதவு இறுகும், இந்த அசைவு அதைத் தடுக்கிறது. இடையில் ஆக்சுவேட்டர் ஒருமுறை மாற்ற வேண்டி வந்தது. டயாஃப்ரம் அழுத்தத்தைப் பிடிக்காததை இதே பம்ப்தான் முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது டர்போ பக்கம் தகரம் அதிர்வது போன்ற சத்தம் வந்தால் புஷ் மறுபடி தேய ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன், இதுவரை வரவில்லை. வேஸ்ட்கேட் துளைக்கும் டர்பைன் வாய்க்கும் நடுவில் மட்டும் ஹவுசிங்கில் (டர்பைனின் வெளிக்கூட்டில்) ஒரு மெல்லிய விரிசல் இருக்கிறது. பழைய டர்போக்களில் அடிக்கடி காணும் விஷயம்தான். குழாயைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் படம் எடுத்து முந்தையதோடு ஒப்பிடுகிறேன். சீட்டுக்குள் நீண்டால் ஹவுசிங்கை மட்டும் மாற்றிவிட்டு உள்பாகத்தை அப்படியே வைத்துக்கொள்வதாகத் திட்டம்.